தலைக்கட்டுக்கு ஒரு வேலை

ஒப்பந்தத்தின் ஐந்தாவது நிபந்தனையை எழுதியது நான்தான். சென்னையில் இருந்த மேலாளர் அதை மூன்று முறை திருத்தி அனுப்பினார். மூன்று முறையும் பழையபடியே மாற்றித் திருப்பி அனுப்பினேன். வேலை பெறுவோர் பட்டியலை ஊர்தான் கொடுக்கும், ஊர்தான் திருத்தும், கம்பெனி அதில் கை வைக்காது. இவ்வளவுதான் நிபந்தனை. நாளைக்குத் தங்களுக்கு வேண்டியவர்களை வேனில் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, ஊர்க்காரர்களை வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வைத்துவிடக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். கடைசியில் மேலாளர் சம்மதித்த அன்று எனக்கு வந்த கர்வத்தை இப்போது நினைத்தால், என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நான் பிறந்தது குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தில் ஒரு சின்ன ஊர். கட்டிக்கொடுத்தது கீரனூரில். சூரிய மின்நிலையம் கட்ட வந்த கம்பெனி, ஊரோடு பேசுவதற்கு ஓர் ஆள் தேடியபோது என்னை எடுத்துக்கொண்டது. நேர்முகத்தில் படிப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள், பிறந்த ஊரைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டார்கள். அந்த ஊர்ப் பொண்ணு என்பதுதான் என் தகுதி. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஊரை எனக்குத் தெரியும் என்று நானும் நம்பினேன்.

மின்நிலையம் வரவிருந்த இடம் ஊருக்கு மேற்கே இருந்த தைலமரக் காடு. பட்டா வைத்திருந்தவர்கள் இருபது பேருக்குள்தான். அவர்களுக்குக் குத்தகை வரும் என்றதும் மரத்தை வெட்டி இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்குத்தான் கோபம். அந்தக் காட்டில்தான் ஊரின் பாதி ஆடு மேய்ந்தது, பாதி அடுப்புக்கு விறகு வந்தது. கோயில் வாசலில் கூடிய முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து, "எடம் வச்சிருக்கவனுக்குக் குத்தகை. எடம் இல்லாதவனுக்கு என்னா, வெயிலா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் கேள்வி சரியானது.

அதற்குப் பதில் தேடித்தான் ஒரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பேனல் வெப்பத்தால் மழை வராது என்றவர்களை வேனில் ஏற்றி, ஏற்கெனவே நடக்கும் ஒரு மின்நிலையத்தைக் காட்டிக்கொண்டு வந்தேன். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாரியை மூடமாட்டோம் என்று கம்பெனியிடம் எழுதி வாங்கினேன். கடைசியில் முடிவானது இதுதான்: பேனல் கழுவுவது, அடியில் வளரும் புல்லை அறுப்பது, காவல் பார்ப்பது, எல்லா வேலையும் ஊருக்கே. தலைக்கட்டுக்கு ஒரு வேலை. வீட்டிலிருந்து ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் வரலாம்.

தலைக்கட்டு என்றால் எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஓர் ஆணும் அவன் குடும்பமும். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். வரி கொடுத்த வீட்டுக்குப் பிரசாதத்தில் பங்கு உண்டு, ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பேச உரிமை உண்டு. அந்தப் பேர்கள் எல்லாம் ஒரு நீள நோட்டில் தெருவாரியாக எழுதியிருக்கும். அந்த நோட்டு இருந்தது எங்கள் வீட்டில். எழுதியவர் என் அப்பா. பத்து வருஷத்துக்கும் மேலாக அவர்தான் எழுதிவந்தார்.

வேலைப் பட்டியல் கேட்டபோது ரேஷன் கார்டை வைத்து எடுக்கலாமா என்றேன், ஒரே சண்டை. வாக்காளர் பட்டியலை எடுத்தால் அதில் திருப்பூருக்குப் போனவன், செத்துப்போனவன் எல்லாம் இருந்தான். அப்பாவின் நோட்டு ஒன்றுதான் ஊரில் யாரும் குறை சொல்லாதது. அதை வாங்கி ஒரே மதியத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஊர்க்கூட்டத்தில் படித்தேன். ஒரு முணுமுணுப்பு இல்லை. எதிர்க்கக்கூடியவர்கள் அந்தக் கூட்டத்தில் உட்காரவே முடியாது என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. வெளியூர்க்காரி யாராவது வந்திருந்தால் வாசல் வாசலாகப் போய்க் கணக்கெடுத்திருப்பாள். உள்ளூர்க்காரி நான், நோட்டை நம்பினேன்.

பட்டியலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிய மறுநாள் காலையில், என்னோடு பத்தாவது வரை படித்தவள் அப்பா வீட்டுக்கு வந்தாள். நானும் அவளும் ஒரே பஸ்ஸில் கீரனூருக்குப் போய்ப் படித்தவர்கள். அவள் புருஷன் வெளிநாட்டுக்குப் போய் நாலு வருஷமாகிறது. முதல் வருஷம் பேசினான், பிறகு போன் நம்பரே மாறிவிட்டது. ஒரு பெண் பிள்ளை, நாலாவது படிக்கிறது. ஆறு ஆடும் தைலமர விறகும்தான் அவளுக்குப் பிழைப்பு. காட்டில் வேலி போட்ட அன்றே இரண்டும் போயிற்று.

"எம் பேரு எங்கடி?" என்றாள்.

"தலைக்கட்டு வாரியா எடுத்துருக்கு. ஒன் வீட்டுக்காரரு பேருல பாத்தியா?"

"எங்க வீட்ல வரி வாங்கறதில்லயே. பேரு எப்படி இருக்கும்?"

உள்ளே போய் நோட்டைப் புரட்டினேன். மேலத் தெருவில் அவள் புருஷன் பேர் மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை இருந்தது, அதற்கப்புறம் இல்லை. அவளைப் போலவே இன்னும் ஆறு பேர் விட்டுப்போயிருந்தார்கள். புருஷன் செத்தவர்கள், புருஷன் விட்டுப் போனவர்கள். ஏழு வீடு.

அப்பாவிடம் கேட்டபோது அவர் தயங்காமல் சொன்னார். "பாவம்னு விட்டதுத்தா. புருசன் இல்லாத புள்ளைககிட்டப் போயி வரி கேக்கறதா?"

அதில் பொய் இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்தே அப்படித்தான். வரி எடுக்கப் போகிறவர்கள் அந்த வீடுகளைத் தாண்டிப் போவார்கள். அதை நல்ல மனசு என்றுதான் ஊரே நினைத்தது, நானும் நினைத்தேன். வரி கொடுக்காத வீடு தலைக்கட்டு இல்லை என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இந்த ஏழு பேரையும் சேத்து எழுதிருங்கப்பா."

"நான் எழுதற ஆளுத்தா. சேக்கறதும் விடறதும் ஊரு."

ஊர் என்றால் அம்பலம். எங்கள் ஊரில் தலைமை பார்ப்பவரை அப்படித்தான் சொல்வோம். எனக்குச் சித்தப்பா முறை. அவர் வீட்டுக்கு நான் மூன்று முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் காபி கொடுத்துவிட்டு ஒரே பதிலைச் சொன்னார். "வரி வாங்குனா கூட்டத்துல ஒக்காருவாளுக. இன்னைக்கு வேலைங்கறாளுக, நாளைக்குக் கூட்டத்துல வந்து எங்களுக்கும் பேச்சு இருக்கும்பாளுக. அது ஒத்து வராது ஆத்தா."

மேலாளருக்குப் போன் செய்து, ஏழு பேரைக் கம்பெனியே சேர்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். பட்டியலில் கம்பெனி கை வைக்காது என்று எழுதியது நீங்கள்தானே என்றார். குரலில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. நான் போனை வைத்துவிட்டேன்.

டிரான்ஸ்பார்மர் வரும் அன்று எனக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லை. அதைச் சுமந்து வரும் லாரி நீளமானது, தார்ச்சாலையிலிருந்து காட்டுக்குப் போகும் மண்பாதையில்தான் நுழைய வேண்டும். இறக்குவதற்குத் திருச்சியிலிருந்து கிரேன் வந்து காத்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிரேன் கிளம்பிவிடும், மறுபடி வர எத்தனை வாரம் ஆகுமோ தெரியாது என்று காலையிலேயே இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். பதினோரு மணிக்கு லாரி மண்பாதைக்குத் திரும்பியபோது, பாதையில் ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவள். பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகாத அவள் மகள்.

டிரைவர் ஹாரனை அடித்தார். யாரும் அசையவில்லை. மறுபடி அடித்தார். நான் ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். அதற்குள் ஊர் கூடிவிட்டது. பட்டா வைத்திருந்தவர்கள் ஒரு பக்கம் நின்று திட்ட ஆரம்பித்தார்கள். கம்பெனி இடத்தை விட்டுப் போய்விடும், குத்தகையும் போய்விடும் என்று அவர்களுக்குப் பயம். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நான் குறுக்கே நின்றேன். அவர் நின்றுவிட்டார்.

ஒரு மணிக்கு மேலாளர் பேசினார். போலீஸுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "அவங்க பொம்பளைங்க சார், எங்க ஊர்ப் பொம்பளைங்க" என்றேன். அதனால்தான் பெண் போலீஸை அனுப்பச் சொல்லியிருக்கிறேன் என்றார். அந்த மனிதருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும்.

இரண்டு மணிக்கு ஜீப்பில் வந்த பெண் போலீஸ் நல்லவர்தான். வெயிலில் தானும் நின்றார். மூன்றரை வரைக்கும் பேசிப் பாருங்கம்மா, அதற்கு மேல் நான் தூக்கித்தான் ஆகணும் என்று என்னிடம் மட்டும் சொன்னார். நான் அம்பலத்திடம் ஓடினேன். போலீஸ் ஊருக்குள் வந்தது அவருக்கும் பிடிக்கவில்லை. ஊர்ப் பெண்களைப் போலீஸ் தூக்கினால் பக்கத்து ஊர்க்காரன் எல்லாம் பேசுவான். வேப்பமரத்தடியில் நாலைந்து பேரோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"சரி. மகன் இருக்கவங்களுக்கு மகன் பேருல எழுதிக்கலாம். நாளைக்கு அவன்தானே தலைக்கட்டு. சின்னப்பயலா இருந்தாலும் பரவால்ல. வேலைக்கு ஆத்தாகாரி வரட்டும்."

கூட்டத்தில் பெருமூச்சு வந்தது. எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு நோட்டை எடுத்துவரச் சொன்னார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் சீட்டில் நோட்டை வைத்துக்கொண்டு அப்பா பேர்களைக் கேட்டுக் கேட்டு அந்தந்தத் தெருப் பக்கத்தில் எழுதினார். மூத்தவள் ஒருத்திக்கு மகன் இல்லை, பேரன் பேரை எழுதினார்கள். இன்னொருத்தி இடுப்பில் இருந்த இரண்டு வயசுப் பயல், தன் பேரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தான். பேர் எழுதியவுடன் ஒவ்வொருத்தியாக எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு ஓரமாகப் போய் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆறாவது ஆளும் எழுந்து போனாள்.

பாதையில் அவளும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

மணி மூன்று. நான் அவள் பக்கத்தில் குந்தினேன். இதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் நடந்தது நடந்ததுதான். அவளை எழச் சொல்லத்தான் போய்க் குந்தினேன்.

"எந்திரிடி. ஒனக்கு நான் வேற பாத்துத் தாரேன். ஆபீஸ்ல கூட்டிப் பெருக்க ஆள் வேணும்பாங்க. கம்பெனில கெஞ்சியாச்சும் வாங்கிருவேன்."

"யாருகிட்டக் கெஞ்சுவ?"

"மேனேஜருகிட்ட."

"அவரும் பாவம்னு தருவாரு." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் வேணாம்டி. மத்தவளுகளுக்கு மகன் பேர எழுதுனாகல்ல, எனக்கு மக பேர எழுதச் சொல்லு. நான் எந்திரிக்கிறேன்."

எழுந்துபோய் அம்பலத்திடம் சொன்னேன். அவர் சிரித்தார். அவரோடு நின்றவர்களும் சிரித்தார்கள்.

"பொட்டப்புள்ள நாளைக்கு வேற ஊருக்குப் போறது. அங்க போயி அவ புருசன் தலைக்கட்டுல இருப்பா. இங்க எப்படி எழுதறது? நீயே இருக்க. கட்டிக்குடுத்தோம், போயிட்ட. ஒனக்கு இங்க தலைக்கட்டு உண்டா?"

எனக்கு முன்கோபம் உண்டு. அதனால் இரண்டு வேலை போயிருக்கிறது. இந்த வேலையில் ஒரு வருஷமாக நாக்கைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன், அன்றைக்கு முடியவில்லை.

"நான் போயிட்டேனா சித்தப்பா? அப்ப ஒரு வருசமா ஒங்க வீட்டுப்படி ஏறுனது யாரு? கண்மாய் வாரிய மூடக் கூடாதுன்னு சென்னைக்காரங்ககிட்ட மல்லுக்கு நின்னது யாரு? எங்கப்பாவ மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது யாரு, ஒங்க நோட்டா? இந்த ஊருக்கு வேல செய்யறப்ப ஊர்ப் பொண்ணு, பேரு எழுதறப்ப வெளியூர்க்காரியா?"

அம்பலம் என் அப்பாவைப் பார்த்தார், "அண்ணே, மகள அடக்குங்க" என்கிற மாதிரி. பெண் போலீஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு பேரை ஜீப்பிலிருந்து இறங்கச் சொன்னார். மூவரும் பாதையை நோக்கி நடந்தார்கள். அந்தச் சின்னப் பெண் அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

அப்போது அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே என் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"மாமா. எங்க வீட்டு வாசல்ல நின்னு, ஒனக்கு வேணாம்த்தான்னு சொன்னீங்கல்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும், வரியோட சேத்து என்னயும் விட்டுட்டுப் போறீங்கன்னு. குடுக்கறேன்னு சொல்ல வாய் வரல. இப்பச் சொல்றேன். நான் வரி குடுக்கறேன் மாமா. எழுதிக்கங்க."

அப்பா நோட்டை மூடிக் கையில் வைத்திருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, ஊரை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னவரும் இல்லை. அந்த நோட்டு அவரிடம் இருந்ததற்கே அதுதான் காரணம். எழுதினால் அது கையை விட்டுப் போகும் என்று அவருக்குத் தெரியும். ஊரில் அவருக்கு இருந்த மரியாதை மொத்தமும் அந்த நோட்டுதான் என்பது எனக்கும் தெரியும். எழுதுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்ற அப்பாவிடம் எப்படிக் கேட்பது?

அவர் மேலத் தெருப் பக்கத்தைத் திறந்தார். மோட்டார் சைக்கிள் சீட்டில் வைத்தார்.

"ஆத்தா, புள்ள முழுப்பேரு என்ன?"

"என்னண்ணே பண்றீங்க?" என்றார் அம்பலம்.

"எழுதறேன்" என்றார் அப்பா.

அவள் பேரைச் சொன்னாள். பெண் போலீஸ் கையைத் தூக்கி மற்ற இரண்டு பேரையும் நிறுத்தினார். அப்பா எழுதினார். பேருக்கு முன்னால் வந்து பேனா நின்றது. எங்கள் நோட்டில் எல்லாப் பேருக்கும் முன்னால் அப்பன் பேரின் முதலெழுத்து இருக்கும்.

"இனிஷியல் என்ன போட?"

"எம் பேரு எழுத்தப் போடுங்க மாமா" என்றாள் அவள். "வளக்கறது நான்தானே."

அப்பா போட்டார்.

அம்பலம் வந்து நோட்டைக் கேட்டார். அப்பா கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் அந்த நோட்டில் ஒரு பேரை அடிப்பதென்றால் ஊரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் செய்ய யாருக்கும் துணிச்சல் இல்லை, அது நேராகக் கேஸில் கொண்டுபோய் விடும். ஆகவே அவர் பேனாவைத் தொடவில்லை. அந்தத் தாளை மட்டும் இரண்டு விரலால் பிடித்தார். கிழிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கிழிப்பதற்கு முன்னால் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் அவருடைய பேரும் அவர் தம்பிகள் இரண்டு பேரின் பேரும் இருந்தன.

தாளைக் கிழித்தால் அவர்கள் பேரும் சேர்ந்து போகும். தாளை விட்டுவிட்டு நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்பாவை அவர் பார்க்கவில்லை. லாரிக்காரர் ஹாரனைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

அவள் இன்னும் எழவில்லை. என்னைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. அம்பலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் எந்திரிக்கலாங்களா?"

அவர் பதில் சொல்லாமல் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நாலு எட்டு நடந்தும் விட்டார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"எந்திரி. சித்திரையில வரிக்கு ஆளு வரும். குடுத்துரணும்."

"குடுத்துருவேங்க" என்று சொல்லிவிட்டு, மகளைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, அவளும் எழுந்தாள்.